அந்தோணியார்துறைப் பள்ளிக்கூடத்து அறையின் நீளம்

2024 ஜூன் இருபதாம் தேதி வியாழக்கிழமை காலையில், அந்தோணியார்துறை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் தெற்கு அறை புதன்கிழமை இருந்ததைவிட ஒரு முழம் நீளமாக இருந்தது. சுவரில் விரிசல் இல்லை, தரையில் புதுச் சிமெண்டு இல்லை, கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. கடைசி பெஞ்சுக்கும் பின்சுவருக்கும் நடுவே விளக்குமாறு தாராளமாகப் போய்வந்ததை வைத்துத்தான் பெருக்குகிற அம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்குச் சீலா மீன் விலை படுத்துவிட்டபடியால் ஊர் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அறை நீண்ட செய்தி சாயங்காலம்தான் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

தலைமையாசிரியர் அற்புதமணி சந்தோஷப்பட நியாயம் இருந்தது. போன டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி பள்ளிக்கூடத்துக்குள் வந்து மூன்று நாள் குடியிருந்துவிட்டுப் போனதில், மற்ற மூன்று அறைகளும் இனி ஆகாதென்று பூட்டப்பட்டன. எட்டு வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தேழு பேரும் இந்த இருபதடி அறைக்குள்தான் கூடையில் கிடக்கும் நெத்திலி மாதிரி அடைந்து கிடந்தார்கள். நாற்பதடிக்குக் குறையாத இடம் காட்டாவிட்டால் அக்டோபரில் பள்ளியை மூடி, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. அந்தப் பக்கம் பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால். பள்ளி மூடினால் பையன்கள் வள்ளத்துக்கும் பெண்பிள்ளைகள் இறால் கம்பெனிக்கும் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நாசரேத்துக்காரரான அவர், முப்பத்தோரு வருஷ வேலையில் பாதிக்கு மேல் இந்தக் கரையில் கழித்தவர். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு பிள்ளையிடம் ‘தெரியாது’ என்று அவர் சொன்னதில்லை. கேட்ட மாத்திரத்தில் விடை வரும். சரியான விடை இல்லாதபோது கம்பீரமான விடை வரும்.

அறை ஏன் நீண்டது என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. கண்டுபிடித்தது கணக்கும் அறிவியலும் எடுக்கிற விஜிலா டீச்சர், உள்ளூர்ப் பெண். அந்தப் புதன்கிழமை அவள் முத்துச்சிப்பியைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்பு பிளாரன்ஸ் எழுந்து, “டீச்சர், முத்து வளரும்போது சிப்பிக்கு நோவுமா?” என்று கேட்டாள். விஜிலா, “தெரியலயே ஏளா” என்றாள். அதுதான் அந்த ஒரு முழம். கடலில் மழை பெய்தால் அடியில் கிடக்கிற மீனுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு இன்னும் அரை முழம் கிடைத்தது. யாருக்கும் விடை தெரியாத கேள்வியை மெய்யாகவே கேட்டு, தெரியாது என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டால் அறை நீண்டது. செல்போனைப் பார்த்து வாசித்த பதில்களுக்கு அது நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. வெளியே லாரி போகிற சத்தத்தைப் போல விட்டுவிட்டது.

சுருங்கவும் செய்யும் என்று தெரிந்தது பிளாரன்ஸின் தாய்மாமன் ரோச்சால். ரோச் மீன் ஏலக்காரர், சொந்தமாக ஒரு வள்ளமும் உண்டு. இந்தக் கரையில் எந்த ஆம்பளையும் நல்ல மீன் கிடைக்கும் இடத்தை வாய் திறந்து சொன்னது கிடையாது. தெற்கே பட்டதை வடக்கே என்பான். பெண்டாட்டியிடமும் அப்படியே, பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டாலும் அப்படியே. அறையைப் பார்க்க வந்த ரோச்சிடம் மருமகள் பிளாரன்ஸ், “நேத்து அவ்வளவு பாறை மீனும் எங்கன பட்டுச்சு மாமா?” என்று கேட்க, அவர் பழக்கதோஷத்தில் “வடக்க” என்றார். பின்சுவர் இரண்டு சாண் முன்னே வந்து கடைசி பெஞ்சைத் தள்ளியது. ரோச் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பேச்சுப் பேசினார். மறுநாள் விடியுமுன் பதினான்கு வள்ளங்கள் தெற்கே போயின.

இதற்கு மேல் சும்மா இருப்பது சரியில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. குழுத் தலைவி பேச்சிச்செல்வி ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவள் மகன் ஆறாம் வகுப்பு. அதுவரை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவள் தலைமை. அன்றைக்கு அவள் வாயைத் திறந்தாள். “மீனை எப்படி ஏலம் போடுதியளோ அப்படியே கேள்வியையும் போடுங்க. பதில் தெரிஞ்சவன் எடுத்துக்கிடட்டும். ஆரும் எடுக்காததை அறைக்குக் குடுத்துருவோம்” என்றாள். அப்படியே முடிவாயிற்று. வியாழன்தோறும் நாலு மணிக்கு ஊர் பள்ளிக்கூடத்தில் கூடும். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ரோச்சே ஏலம் கூவினார். கேள்வியைக் கூறு வைத்ததுபோல நடுவில் வைத்து, ஒருதரம், ரெண்டுதரம் என்பார். விடை தெரிந்தவர் கை தூக்கினால் அடுத்த வாரம் அவர்தான் அந்தப் பாடத்தை நடத்தவேண்டும். இப்படியாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கிங்ஸ்டன் நெம்புகோலும், சங்கு குளிக்கிற ஒருவர் நுரையீரலும் நடத்தினார்கள். விஜிலா அவற்றைப் பாடப்புத்தகத்தின் பக்கங்களோடு முடிச்சுப்போட்டுக் காட்டினாள். மூன்றுதரம் கூவியும் போகாத கேள்விகள் பின்சுவரில் சாக்பீஸால் ஏறின, எந்த வருஷத்துக்குள் கண்டுபிடிக்கலாம் என்ற உத்தேசத்தோடு. சிப்பியின் நோவுக்கு 2035 போட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் முத்துக்குளிப்பே நடக்காத இந்தக் கடலில் சிப்பி திரும்ப எப்போது படியும் என்பதற்கு ஆளுக்கொரு வருஷம் சொல்லிச் சண்டை வந்து, கடைசியில் வருஷம் போடாமலே விட்டார்கள். அதற்கு மட்டும் இரண்டடி நீண்டது. செப்டம்பர் முடிகையில் ரோச் கைகளை விரித்து ஆழம் அளக்கிற மாதிரி அளந்து, ஏழு பாகமும் ஒரு முழமும் என்றார். டேப்பில் நாற்பத்து மூன்றரை அடி வந்தது.

இதில் நஷ்டப்பட்டவர் அற்புதமணி ஒருவர்தான். முதல் வியாழனன்றே, சில நாள் அலை ஏன் பச்சையாக மின்னுகிறது என்று யாரோ கேட்க, அது ஒருவகை உப்பு என்று அவர் கணீரென்று சொல்லி ஓரடியைக் காலி செய்தார். சிப்பிக்கு நரம்பே கிடையாது என்று சொன்னதில் இன்னோர் அடி போயிற்று. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலாவது வியாழனிலிருந்து வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி கிடந்தது, கூடவே டீயும் வடையும். “சார், உள்ள புழுக்கமா இருக்கு, இங்கன காத்தாட இருங்க” என்றார்கள். மரியாதை குறையாமல் ஒரு மனுஷனை வெளியே உட்காரவைக்க இந்த ஊருக்குத் தெரியும். அவருக்கும் அது தெரிந்தது, தெரிந்து சுட்டது. ஜன்னல் வழியாக ரோச்சின் குரலும் பிள்ளைகள் சிரிப்பும் கேட்கும்போதெல்லாம் எழுந்து உள்ளே போக ஆசையாக இருந்தது. ஆனால் ஒருதடவை ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டால், இதுவரை சொன்னதெல்லாம் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்களே என்று பயந்தார். வடையைத் தின்றுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அதிகாரி வருவது அக்டோபர் எட்டாம் தேதி என்று தகவல் வந்தது. ஏழாம் தேதி விஜிலா பயிற்சிக்காகத் தூத்துக்குடி போயிருந்தாள். சோதனைக்கு முந்தின நாள் எந்தத் தலைமையாசிரியரும் செய்வதை அற்புதமணியும் செய்தார்: பிள்ளைகளுக்குப் பதில்களை உருப்போட வைத்தார். நீ என்ன ஆகப்போகிறாய் என்றால் கலெக்டர், நீ டாக்டர், நீ விஞ்ஞானி. வள்ளத்து எஞ்சினைப் பிரித்துப்போடுவது தவிர வேறெதிலும் நாட்டமில்லாத ரெக்சன்கூட நீதிபதி என்றான். முப்பத்தேழு பேரும் ராகம் போட்டுச் சொல்லச் சொல்லப் பின்சுவர் மெல்ல நடந்து வந்தது. சுவருக்கு முதுகைக் காட்டி நின்ற அவர் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கவனித்தார்கள், ஆனால் சார் சொல்லச் சொன்னதை நிறுத்த அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் போனபிறகு தனியே நின்று அளந்தார். இருபத்தாறடி. மறுபடி அளந்தார். நாலு மாதமாக ஊரே சேர்ந்து கேட்டுச் சேர்த்ததை ஒரு பகலில் அழித்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. டேப்பின் ஒரு முனையை ரோச்சிடம் கொடுத்து, மறுமுனையைத் தானே பிடித்து, எண்ணைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “நாப்பது வேணுமே சார்” என்று வருத்தமாகவே சொன்னார். வாசலில் ஊர் நின்றது. பேச்சிச்செல்வி வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். வந்த முறைக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று அதிகாரி பிளாரன்ஸைப் பார்த்து, படித்து என்னவாகப் போகிறாய் என்றார். அவள் கலெக்டர் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பின்சுவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, “சார், நான் பெரியவளாவும்போது என்னென்ன வேலை இருக்கும்? அதுக்கு இப்ப நான் என்ன படிக்கணும்?” என்று கேட்டாள்.

பதில் அவர் நாக்கில் தயாராக இருந்தது. ஒழுங்காகப் படித்தால் எல்லாம் தானாக வரும். முப்பத்தோரு வருஷப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள், வள்ளத்துக்கும் வளைகுடாவுக்கும் உப்பளத்துக்கும். அவர் பிளாரன்ஸின் முகத்தைப் பார்த்தார். அவள் மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தாள்.

“தெரியாதும்மா” என்றார். குரல் எழும்பாததால் மறுபடி சொன்னார். “எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லப் பயந்துதான் இத்தனை வருஷமா பதில் சொல்லிட்டிருந்தேன்.”

பின்சுவர் பின்னால் நகர, அதோடு ரோச்சின் கையிலிருந்து டேப் ஓடியது. அது ஐம்பதடி டேப். முழுவதும் தீர்ந்து, மறுமுனை அதிகாரியின் கையையும் விட்டுவிட்டுச் சுவரோடு போயிற்று. மீதியை ரோச் கைவிரித்து அளந்துகொண்டே நடந்தார். இருபத்துமூன்று பாகம் வரை அவர் எண்ணுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அதிகாரி படிவத்தில் நீளம் என்ற இடத்தில் ‘போதுமானது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மீன்குழம்பு சாப்பிட்டுக் கை கழுவுகையில், வெளியூர்க்காரர்கள் வியாழக்கிழமை வரலாமா என்று விஜிலாவிடம் தனியாக விசாரித்தார்.

அந்த வியாழக்கிழமை கேட்கவேண்டியவர்களின் வரிசையில் அற்புதமணி பதினோராவது ஆளாக நின்றார். அவர் முறை வந்தது. உப்பளத்து வழியாகத்தான் இத்தனை வருஷமாக வந்துபோகிறேன், எந்தப் பாத்தியில் இன்றைக்கு உப்பு வாரவேண்டும், எதை நாளைக்கு விடவேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அவர் கேட்டார். ஒருதரம் என்றார் ரோச். பேச்சிச்செல்வி கையைத் தூக்கினாள்.

“அது எனக்குத் தெரியும் சார். அடுத்த வாரம் வரைக்கும் எதுக்கு, இப்பவே சொல்லுதேன்” என்று முன்னால் வந்தாள். அற்புதமணி தன் நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவனிடம் ஒரு பென்சில் கடன் வாங்கினார். அன்றைக்கு அறை ஒரு விரற்கடைகூட நீளவில்லை. அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவும் இல்லை.