நான்காம் கட்டிலின் கண்ணாடி

செவ்வாய்க்கிழமை காலை நான்காம் அறையின் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுந்தரேஸ்வரியின் கைத்துணி எதிலோ சிக்கியது. மேல்மூடியில், படுப்பவரின் முகத்துக்கு நேரே பதித்திருந்த நீலக் கண்ணாடியின் ஒரு மூலை உடைந்து, இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. துணியை மெதுவாக விடுவித்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள்.

ஜெர்மனியில், நொய்கெல்னில் இருந்த அந்தச் சொலாரியத்தில் ஆறு கட்டில்கள். வெயில் காணாத மாதங்களில் ஆட்கள் காசு கொடுத்து அவற்றில் படுத்துத் தங்கள் தோலைக் கறுக்கவைத்துக்கொண்டு போவார்கள். துடைக்கிற வேலைக்கென்று சேர்ந்த சுந்தரேஸ்வரி, விளக்கு மாற்றுகிறவர் நின்றுபோனபின் அதையும் தானே பார்க்கத் தொடங்கியிருந்தாள். கட்டிலின் மேலும் கீழும் வரிசையாக இருப்பவை வீட்டு ரியூப்லைற் போன்ற நீளக் குழல்கள். உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பொடிதான், தோலைக் கறுக்கவைக்கும் கதிர் எவ்வளவு, சுட்டுச் சிவக்கவைக்கும் கதிர் எவ்வளவு என்று தீர்மானிப்பது. சில குழல்களின் முதுகில் வெளிச்சத்தை முன்னால் தள்ளுகிற பூச்சும் இருக்கும். அறுநூறு எழுநூறு மணித்தியாலம் எரிந்தபின் கண்ணுக்கு அதே நீலமாகத்தான் தெரியும். ஆனால் சத்து இறங்கியிருக்கும், மாற்றவேண்டும். முகத்துக்கு மேலே இருக்கும் விளக்கு வேறு சாதி. சுண்டுவிரல் அளவுதான். அதன் உடம்பு எந்தக் கதிரையும் மறிக்காத பளிங்குக் கண்ணாடி. கெட்ட கதிரை மறிப்பதெல்லாம் முன்னாலுள்ள நீலக் கண்ணாடி மட்டுமே. அது இல்லாமல் படுப்பவருக்கு முகம் வேகும், கண் எரிந்துபோகும். படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, பல மணித்தியாலம் கழித்துத்தான் தெரியும்.

அவள் அந்த விளக்கின் இணைப்பைக் கழற்றினாள். ‘பழுது’ என்று ஜெர்மனில் எழுதிய தாளைக் கதவில் ஒட்டிவிட்டு, முதலாளி லோமானிடம் போய்ச் சொன்னாள். புதுக் கண்ணாடி அடுத்த கிழமை வரும் என்றார் அவர், கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வந்தபோது கதவில் தாள் இல்லை. மதியம் பிராவ் வேபர் வந்தாள். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வுபெற்றவள், தனியாக இருப்பவள். மழைக்காலத்து இருட்டு மனதை அழுத்துகிறது என்று கிழமைக்கு ஒருமுறை வந்து படுப்பாள். கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் விழும் என்பதால் கண்மறைப்பு மட்டும் போடமாட்டாள்.

“இரண்டாம் கட்டிலுக்குப் போங்கோ,” என்றாள் சுந்தரேஸ்வரி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

“இரண்டில் ஆள் இருக்கிறது,” என்றார் பின்னால் நின்ற லோமான். “நான்கு சரியாகத்தான் இருக்கிறது.”

பிராவ் வேபருக்குத் துவாயை எடுத்துக் கொடுத்தவள் சுந்தரேஸ்வரிதான். கதவு சாத்தியதும் கீழ் இடுக்கால் வெளிச்சம் வந்தது. குழல்களின் நீலத்துக்கு நடுவே கூர்மையான ஒரு வெள்ளை. இணைப்பைத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மேசையில் ஆறு கட்டில்களுக்கும் நிறுத்தும் பொத்தான்கள் இருந்தன. நான்காவதன்மேல் விரலை வைத்தாள். லோமான் பக்கத்தில் நின்று யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். இப்போது அழுத்தலாம், இப்போது அழுத்தலாம் என்று பன்னிரண்டு நிமிடம் போனது. வெளியே வந்த பிராவ் வேபர், இன்றைக்கு நல்ல சூடாக இருந்தது என்று சிரித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பிராவ் வேபரின் பக்கத்து வீட்டுக்காரி சொலாரியத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பிராவ் வேபருக்குக் கண் திறக்க முடியவில்லை, முகமெல்லாம் வெந்து கொப்பளித்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை லோமான் சுந்தரேஸ்வரியை உள்ளே கூப்பிட்டு மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, வெள்ளி காலை நான்காம் கட்டிலின் கண்ணாடியைச் சோதித்தேன், பழுதில்லை என்று அவள் கையெழுத்திட வேண்டிய தாள். மற்றது, அவள் தொடர்ந்து இங்கே வேலை செய்வாள் என்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அவர் கொடுக்க வேண்டிய கடிதம். அதில் அவருடைய கையெழுத்து இன்னும் இல்லை. ஒன்பது வருடம் டுல்டுங் என்ற தற்காலிக அனுமதியில், எப்போது அனுப்புவார்கள் என்று தெரியாமல் இருந்த குடும்பம். போன வருடம் வந்த புதுச் சட்டத்தில், வேலை இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் விசா கிடைத்தது. தையில் புதுப்பிக்க வேண்டும். கணவர் நவரத்தினத்துக்கு முதுகு ஏலாமல் போனபின் வேலை என்று இருப்பது அவளுடையது மட்டும்தான்.

“நாளை வரைக்கும் யோசியுங்கள்,” என்றார் லோமான். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

பின்னேரம் வீட்டில் தொலைக்காட்சியில் கிளிநொச்சிச் சண்டைச் செய்தி போய்க்கொண்டிருந்தது. நவரத்தினம் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் சொன்ன முழுவதையும் கேட்டார்.

“வையும் கையெழுத்தை. அந்த மனிசியின்ரை கண் ஒரு கிழமையிலை சுகமாயிடும். எங்களை அனுப்பினா எங்கை போறது? அங்கை செல் விழுந்துகொண்டிருக்கு.”

“அவ உள்ளுக்கை படுத்திருக்கேக்கை என்ரை விரல் பொத்தானிலை இருந்தது.”

“அவனுந்தானே பக்கத்திலை நிண்டவன்.”

“ஓம். ஆனா அவனுக்கு வெளிச்சத்தைப் பாத்து விளங்காது. எனக்கு விளங்கினது.”

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைத் திரும்பவும் கூட்டினார். உள்ளறையில் மகள் ஆதிரை பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தினாள். பிறகு முதலிலிருந்து திரும்பவும் தொடங்கினாள்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சுந்தரேஸ்வரி மூன்று தரிப்பிடம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கினாள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறாளா, எவ்வளவு சுகம் என்று பார்க்கத்தான் போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கையெழுத்திடாத தாளும், சொலாரியப் பதிவேட்டில் பார்த்து எழுதிய முகவரியும் கைப்பைக்குள் இருந்தன. மூன்றாம் மாடியில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த பிராவ் வேபரின் வீட்டு மணியை அழுத்தினாள்.

கதவு திறந்தது. உள்ளே திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருந்தன. பிராவ் வேபரின் கண்களில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. மூக்கிலும் நெற்றியிலும் தோல் உரிந்து தொங்கியது. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, “நீங்களா, பாருங்கள், நீங்கள் ஒருத்திதான் வந்தீர்கள்,” என்று அவளுடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சுவரைத் தடவித் தடவி நடந்து, மேசையிலிருந்து ஒரு படிவத்தையும் பேனையையும் எடுத்து நீட்டினாள்.

“மருத்துவக் காப்புறுதியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி வாங்கி வந்தாள். அவளுக்கு இருந்து நிரப்ப நேரமில்லை. எனக்குக் கண் தெரியாது, நீங்கள் வாசியுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.”

திரைச்சீலையின் ஓரத்தால் வந்த கொஞ்ச வெளிச்சத்தில் சுந்தரேஸ்வரி படிவத்தைப் பிடித்தாள். பெயர். பிறந்த திகதி. விபத்து நடந்த இடம். மூன்றுக்கும் பிராவ் வேபர் சொல்ல, அவள் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நான்காவது கேள்வியில் நின்றாள்.

“அடுத்தது என்ன?”

“இந்த விபத்துக்கு,” என்று எழுத்துக் கூட்டி வாசித்தாள், “வேறு யாராவது பொறுப்பா? ஆம் என்றால், யார்?”

பிராவ் வேபர் யோசிப்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். பிறகு, பஞ்சு வைத்துக் கட்டிய முகத்தைக் குரல் வந்த பக்கமாகத் திருப்பினாள்.

“உங்களுக்குத்தானே அந்த இடம் தெரியும்,” என்றாள். “என்ன எழுதலாம்?”

பேனையின் முனை சிறிய வெற்றுக் கட்டத்தின்மேல் இருந்தது. கீழே தெருவில் பஸ் ஒன்று வந்து நின்று, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் காத்திருந்தது.