தொள்ளாயிரத்து அறுபது அடியில் கறுப்பு பீர்

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே, காளியப்பன் தோட்டத்தில் போர் போட்டபோது தொள்ளாயிரத்து அறுபதாவது அடியில் கறுப்பு பீர் வந்தது. வைகாசி மாதம், வியாழக்கிழமை, பகல் பதினொன்றே கால். முதலில் வெள்ளைப் புழுதி, பிறகு செம்புழுதி, அதற்கப்புறம் தென்னை உயரத்துக்கு நுரை. வறுத்த காப்பிக்கொட்டை வாசம் மூன்று காடு தாண்டி அடித்தது. தண்ணி வரவில்லையே என்று ரிக் வண்டிக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். தோட்டத்துக்காரர் வருத்தப்படவில்லை, சந்தோஷமும் படவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு மாட்டை மாற்றிக் கட்டப் போய்விட்டார்.

அந்த மனுஷனுக்கு அப்போது எதுவுமே உறைப்பதில்லை. முந்தின ஆடியில் மனைவி ராசம்மாள் இறந்துபோனார். எரித்துவிட்டு வந்து தலைமுழுகியதோடு காளியப்பனுக்கு நாக்கும் மரத்தது, மனசும் மரத்தது. ஒரு சொட்டு அழவில்லை. நாமக்கல்லில் முட்டைப் பண்ணை வேலையிலிருந்த மகள் கலைமணி, வேலையை விட்டுவிட்டு வந்து சமைத்துப் போட்டாள். உப்பே இல்லாமல் வைத்தாள், பிடி உப்பை அள்ளிக் கொட்டியும் வைத்தாள். இரண்டையும் ஒரே மாதிரிதான் தின்றார். தை மாதம், பூச்சிமருந்து கலந்து வைத்திருந்த குடத்திலிருந்து, தண்ணியென்று அரைச் சொம்பு மொண்டு குடித்துவிட்டார். வாயில் வைத்ததும் தெரியவில்லையா என்று டாக்டர் கேட்டதற்கு, "தெரியலீங்க" என்றார். ஆஸ்பத்திரியில் நாலு நாள். நாக்கு திரும்பாவிட்டால் அப்பா தாங்கமாட்டார் என்கிற பயத்தில் கலைமணி அன்றிலிருந்து வீட்டிலிருந்த டப்பா, குடம், கேன் எல்லாவற்றையும் பூட்டி வைத்தாள்.

போரில் வந்ததை ஊர் விட்டுவிடவில்லை. ஆனால் பாருங்கள், நம்மாட்களுக்குத் தெரிந்த ஊற்றும் முறை ஒன்றே ஒன்றுதான். எவர்சில்வர் டம்ளரிலிருந்து வட்டாவுக்கு, வட்டாவிலிருந்து டம்ளருக்கு, கை எட்டுமட்டும் உயர்த்தி ஒரு முழ நீளத்துக்கு ஆற்றினார்கள். வீடு முழுக்க நுரை. அடியில் தங்கியதைக் குடித்துக் காறித் துப்பினார்கள். விருந்தாளிக்குத் தளும்பத் தளும்பத் தராவிட்டால் மரியாதையா என்று நுரையை வழித்து எறிந்துவிட்டு விளிம்புவரை நிரப்பியவர்களும் உண்டு. சாராயமா என்று சோதிக்க வந்த அதிகாரிக்கும் அப்படித்தான் நிரப்பிக் கொடுத்தார்கள். அவர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, 'மனிதர் அருந்த உகந்ததல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதனால் சட்டப்படி தொல்லை எதுவும் வரவில்லை.

இருபது நாள் கழித்து, மோட்டார் இறக்கத் திருச்செங்கோட்டிலிருந்து குணசீலன் வந்தான். கானா நாட்டில் நாலு வருஷம் ரிக் ஓட்டி, அங்கேயே கறுப்பு பீர் ஊற்றவும் பழகியவன். ஊற்றுகிற லட்சணத்தைப் பார்த்து அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "அட பாவிகளா, இதைப் போயி ஆத்துவாங்களா!" கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கேட்டு வாங்கி, சாம்பலும் புளியும் போட்டு மூன்று தடவை கழுவினான். "எண்ணெய்ப் பிசுக்குப் பட்டுதுன்னா நொரை நிக்காதுங்க" என்றான். டம்ளரைச் சாய்த்துக் குழாயடியில் பிடித்தான். பீர் சத்தமில்லாமல் பக்கச் சுவரில் வழிந்து இறங்கியது. முக்காலுக்கு வந்ததும் நிமிர்த்தி, குழாயை மூடி, களத்து மேட்டில் காளியப்பன் எதிரே வைத்தான்.

"அப்புறம்?" என்றாள் கலைமணி.

"பொறுக்கோணுமுங்க. ரெண்டு நிமிசம். தொடக்கூடாது."

உள்ளே பழுப்பு நிறக் குமிழிகள் கண்ணாடியை ஒட்டி மேலிருந்து கீழாக இறங்கின. காளியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து மாதமாக அவர் எதையும் முழுசாக இரண்டு நிமிடம் பார்த்ததில்லை. அடியிலிருந்து கறுப்பு தெளிந்து ஏறியது. குணசீலன் டம்ளரை மறுபடி குழாயடிக்கு எடுத்துப்போய், நேராகப் பிடித்து, மீதிக் காலையும் நிதானமாக நிரப்பிக் கொண்டுவந்தான். நுரை ஒரு விரல் கனத்தில் விளிம்புக்கு மேலே தூக்கி நின்றது, வழியவில்லை. "ஐஸ் கேக்காதீங்க மாமா. நொரை வழியா இழுத்துக் குடிங்க."

காளியப்பன் குடித்தார். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்தது. இன்னொரு வாய் குடித்தார், இரண்டாவது வளையம். மூன்றாவது வாயில் முகம் கோணியது. பூச்சிமருந்துக்குக்கூடக் கோணாத முகம்.

"கசக்குது" என்றார்.

கலைமணி கிட்டே வந்து நின்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளை அண்ணாந்து பார்த்தார். யாரோ இப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போனதைப்போல, "சாமி, உங்கம்மா செத்துப்போயிட்டா" என்றார்.

"ஆமாங்கப்பா."

அன்றைக்கு ஆரம்பித்த அழுகை மறுநாள் மாலைவரை ஓயவில்லை. ஜலகண்டாபுரத்திலிருந்தும் குமாரபாளையத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் இரண்டாம் முறையாகத் துக்கம் கேட்க வந்தார்கள். பத்து மாதம் கழித்து என்ன துக்கம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகொடுத்தார்கள், பெண்கள் காளியப்பனைச் சுற்றி உட்கார்ந்து ராசம்மாளைப் பேர் சொல்லி அழுதார்கள். வந்தவர்களுக்கு முக்கால் டம்ளர் ஊற்றி வரிசையாக வைத்தான் குணசீலன். நுரை அடங்கும்வரை எல்லோரும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.