சிலந்திக்கு சாரின் பெயர்

எங்கள் பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன் சார் காட்டுக்குப் போவதே போட்டோ எடுத்துக்கொள்ளத்தான். மலைக்காட்டில் அள்ளிய இலைச்சருகு மூட்டை மூட்டையாகச் செம்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து இறங்கும். அதைச் சலித்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பூச்சி பொறுக்குகிறவள் தாராவியிலிருந்து தினமும் வரும் நான், மாரிசெல்வி. ஒன்பது வருடத்தில் நான்கு கட்டுரைகள். நான்கும் சார் பெயரில். என் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியில், டிரைவர் ஷகீலுக்கு அடுத்தபடியாக.

என் பெயரில் ஒரு கட்டுரையாவது இருந்தால்தான் பிஎச்.டி.க்கு இடம் என்றார்கள் பல்கலைக்கழகத்தில். சாரிடம் கேட்டேன்.

"உனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்றார்.

போன மழைக்காலத்தில் சருகுக்குள் அந்தச் சிலந்தியைக் கண்டேன். கடுகில் பாதிதான். முதுகிலும் வயிற்றிலும் கவசம் மாதிரி கெட்டித் தகடுகள். யாரும் அதுவரை பதிவு செய்யாத இனம். சாருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அதற்குத் தன் பெயரை வைக்க வேண்டுமாம். ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் எங்கள் துறையில் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

"கட்டுரையை நீயே எழுதிடு. என் பேரு எழுதினவா லிஸ்ட்ல வரப்படாது. நீயா ஆசைப்பட்டு சிலந்திக்கு என் பேரை வெச்சாப்ல இருக்கணும்."

"நான் மட்டுந்தான் எழுதணுமா சார்?"

"அரே, ஆமாங்கறேன்!"

எழுதினேன். அவரைப் புகழ்ந்து இரண்டு வரி சேர்க்கும்போது கை கூசியது. கட்டுரை வெளிவந்தது, எனக்கு பிஎச்.டி. இடமும் கிடைத்தது.

சார் மாட்டுங்காவில் ஹால் பிடித்துத் தனக்கே பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். பேனர் அடிக்கிறவர்கள் சிலந்தியின் முழுப் பெயரைக் கேட்டார்கள். முறைப்படி எழுதிக் கொடுத்தேன்.

மேடையேறியவர் பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் பெயரை ஒட்டி, அதே உயரத்தில், மாரிசெல்வி என்று இருந்தது.

"உன் பேரு இங்க எதுக்கு?"

"இனத்தோட பேருக்குப் பொறவு, அதை வெச்சவங்க பேரு வரணும்லா சார். நீங்க நடத்துன பாடந்தான்."

முப்பது வருடம் நடத்திய பாடம். பேராசையில் மறந்து தொலைத்திருக்கிறார். இனி எந்த நாட்டில் யார் முறையாக எழுதினாலும் அவர் பெயருக்குப் பின்னால் என் பெயர் நிற்கும். எனக்கு அவர் மேல் இரக்கம்கூட வரவில்லை.

பேனரில் என் பெயர் இருந்த பக்கமாக நகர்ந்து, அதை முதுகால் மறைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். வழக்கம்போல கேமரா என் கையில்தான் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றேன். "பேரு மறைக்கி."