திரு. செல்லோவின் இருக்கை

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அண்ணன் உயிரோடு இருந்தவரை இருவரும் அவனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அவன் போன பிறகு கடிக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. சண்டை போட ஒரு பொருள் வேண்டுமே, அதையும் அவனே விட்டுவிட்டுப் போயிருந்தான். அவனுடைய செல்லோ.

அண்ணன் நகரத்து இசைக்குழுவில், முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் வாசிக்கிற பெரிய வயலின் போன்ற செல்லோவை வாசித்தவன். அதே குழுவில் அவனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து அதே வாத்தியத்தை வாசிப்பவள் தங்கை. அண்ணி பல் டாக்டர். சங்கீதத்துக்கும் அவளுக்கும் காததூரம். ஆனால் அந்த செல்லோ, புருஷனும் பெண்டாட்டியும் வீடு வாங்கவென்று சேர்த்த பணத்தில் வாங்கியது. யாரோ ஒரு கைவினைஞன் பல தலைமுறைக்கு முன்னால் செய்த பழைய வாத்தியம். "ஊரெல்லாம் வீடு வாங்குச்சு, நாங்க ஒரு மரப்பெட்டி வாங்கினோம்" என்று அண்ணி வந்தவரிடமெல்லாம் சொல்வாள். அவள் இன்னமும் வாடகை வீட்டில்தான் இருந்தாள்.

அவன் இறந்த பிறகு அதைப் படுக்கையறை மூலையில், பெட்டியோடு நிறுத்தி வைத்தாள். தானும் தொடவில்லை, பிறரையும் தொடவிடவில்லை.

"வாசிக்காம வச்சா மரம் செத்துடும் அண்ணி" என்று தங்கை போனில் கெஞ்சினாள்.

"மனுஷனே செத்தாச்சு. மரம் செத்தா என்ன?" என்று அண்ணி வைத்துவிட்டாள்.

அப்படியிருக்கையில்தான் கடலுக்கு அப்பாலிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் இளவயதில் சேர்ந்து வாசித்த நண்பர்கள் அவன் நினைவாக ஒரு கச்சேரி வைக்கிறார்கள். தங்கை வந்து அவனுடைய செல்லோவிலேயே வாசிக்க வேண்டும். நண்பர்களே அவளுக்கு எழுதிக் கேட்டதால் அண்ணியால் மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பெட்டி போற இடத்துக்கெல்லாம் நானும் வருவேன். உன்கிட்ட தனியா குடுக்குறது திருடன் கையில சாவி குடுக்குற மாதிரி."

தங்கைக்குச் சுருக்கென்றது. அண்ணி சொன்னது முழுப்பொய் இல்லை என்பதுதான் காரணம். கச்சேரி முடிந்ததும் சில மாதம் அங்கேயே தங்கி வாசித்துவிட்டு வருகிறேன் என்று நண்பர்களிடம் அவள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். செல்லோவும் தன்னோடு இருக்கும் என்பதை அண்ணியிடம் அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

செல்லோவைச் சரக்கறையில் போடக்கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கினார்கள். மூன்று இருக்கை, ஒரே வரிசை, ஜன்னலோரம் செல்லோவுக்கு.

கிளம்பும் காலையில் தங்கை வந்து பெட்டியைத் திறந்தபோது அண்ணி கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றாள்.

"கம்பி எல்லாத்தையும் கழட்டிடு. மேல போனா இழுத்துக்கிட்டு அறுந்துடுமாம்."

"எல்லாத்தையும் கழட்டினா உள்ள நிக்கிற குச்சி விழுந்துடும் அண்ணி. கம்பியோட அழுத்தத்துலதான் அது நிக்குது. லேசா தளர்த்தினா போதும்."

"உனக்குத் தெரியாதது எது இருக்கு" என்றாள் அண்ணி. அது பாராட்டு இல்லை.

தங்கை கம்பிகளைத் தளர்த்தினாள். கம்பிகளைத் தாங்கும் குதிரை என்கிற கட்டை சாயாமல் இருக்க இருபக்கமும் துணி செருகினாள். கழுத்துக்குக் கீழே தன் கம்பளிச் சால்வையை மடித்து வைத்தாள். அண்ணி அதை எடுத்துப் போட்டுவிட்டு, பீரோவிலிருந்து அண்ணனுடைய பழைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். தங்கை அதைத் தொடவில்லை.

விமான நிலையத்தில் கவுன்டர் பெண் மூன்று போர்டிங் பாஸை அடித்துக் கொடுத்தாள். ஒன்றில் ‘திரு. செல்லோ’ என்று இருந்தது.

"திரு. செல்லோ எங்க மேடம்? முகத்தைப் பாக்கணும்."

"இதோ நிக்கிறாரு" என்று தங்கை பெட்டியைத் தட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அண்ணி சிரிக்கவில்லை. "டிக்கெட் எடுத்துக் குடுத்தது நான். பாஸை என்கிட்ட குடுங்க" என்று மூன்றையும் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். செல்லோவைத் தரையில் ஊன்றுவதற்கான இரும்புக் கம்பியை ஒரு காவலர் உருவி எடுத்தார்.

"இது என்னம்மா, ஈட்டியா?"

"அவளைக் கேளுங்க" என்றாள் அண்ணி. "குத்துறதுல அவதான் கெட்டிக்காரி."

மேலதிகாரி வந்து பார்த்து, போகலாம் என்று சொன்னதும் தங்கை வாத்தியத்தை உள்ளே வைத்து மூடினாள். பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு அண்ணியைப் பார்க்காமல் நடந்தாள்.

வினை வாசலில் காத்திருந்தது. விமானத்தில் ஏறும் வரிசை நகர்ந்து இவர்கள் முறை வந்ததும், சீருடை போட்ட அதிகாரி பாஸ்களை வாங்கி இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விமானம் மாறிடுச்சுங்க. இது சின்னது. உங்களுக்கு ரெண்டு சீட்டுதான் இருக்கு. வாத்தியம் சரக்குல போகட்டும்."

"அது சரக்கு இல்ல சார். சீட்டு வாங்கியிருக்கோம்" என்றாள் தங்கை.

"தெரியுதுங்க. ஆனா சீட்டே இல்லையே. நான் என்ன, மடியிலயா வச்சுக்க முடியும்?"

"கீழ போட்டா உடைஞ்சுடும்!"

"அப்ப ஒண்ணு செய்யுங்க. உங்கள்ல ஒருத்தரும் வாத்தியமும் ஏறுங்க. இன்னொருத்தரை நாளைக் காலைல அனுப்பி வைக்கிறேன்."

தங்கைக்கு உயிர் வந்தது. "சரி. நான் ஏறுறேன். அண்ணி, நீங்க நாளைக்கு வந்துடுங்க. கச்சேரி நாளைக்கு சாயங்காலம்தானே."

"ஓ! இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தியா?"

"விமானத்தை நானா மாத்தினேன்?"

"நீ போனா அது திரும்பி வராது. எனக்குத் தெரியும். நான் அதோட போறேன். நீ நாளைக்கு வா."

"உங்களுக்கு அதைத் தூக்கக்கூடத் தெரியாது. ஒத்திகை இன்னைக்கு. நான் இல்லாம ஒத்திகையா?"

"பாத்தீங்களா சார்? என் சொத்து. எனக்கே தூக்கத் தெரியாதாம்."

"உங்க சொத்து இல்ல. என் அண்ணன் வாசிச்சது!"

வரிசையில் பின்னாலிருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "குடும்பச் சண்டைய வீட்டுல வச்சுக்கக் கூடாதா?" என்று ஒருவர் உரக்கவே கேட்டார். அதிகாரி இருவரையும் ஓரமாக நிற்கச் சொன்னார். "மத்தவங்களை ஏத்தி முடிக்கிறேன். அதுக்குள்ள முடிவு பண்ணுங்க. இல்லன்னா நான் முடிவு பண்ணிடுவேன்."

ஓரமாக நின்றார்கள். செல்லோ இருவருக்கும் நடுவில் நின்றது. ஒருத்தி விட்டுக்கொடுத்திருந்தால் போதும். தங்கைக்கு அது தெரிந்தது. போகட்டும், அண்ணியே கொண்டு போகட்டும், ஒத்திகை போனால் போகிறது என்று நினைத்தாள். வாய் திறக்கவில்லை. அண்ணியும் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை கரைந்து காலியாயிற்று. அதிகாரி வந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் பெட்டியின் கைப்பிடியில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டினார். இருவரும் தடுக்கவில்லை.

விமானத்தில் அண்ணிக்கு ஜன்னலோரம். நடுவில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்குகிற ஓர் ஆள். தங்கைக்கு நடைபாதை ஓரம். பணிப்பெண் தண்ணீர் கொடுத்தபோது அண்ணி திடுக்கிட்டுத் திரும்பி மடியில் சிந்திக்கொண்டாள். அவளுக்கு விமானம் என்றால் பயம் போலிருக்கிறது என்று தங்கை நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இறங்கிய இடத்தில் பெரிய சாமான்கள் தனிக் கதவு வழியாக வந்தன. செல்லோ பெட்டியின் ஒரு முனை தேய்ந்து வெளுத்திருந்தது. தங்கை அதை அங்கேயே தரையில் படுக்க வைத்து, மண்டியிட்டுத் தாழ்ப்பாள்களைத் திறந்தாள்.

கழுத்து அடியோடு முறிந்திருந்தது. கழுத்தின் உச்சியில் இருக்கும் சுருள்தலை கம்பிகளில் தொங்கிக்கொண்டு ஸ்வெட்டரின் மேல் கிடந்தது. முன்பக்கப் பலகையில், குதிரை நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்து கீழே வரை ஒரு விரிசல். உள்ளே குச்சி உருண்ட சத்தம் கேட்டது.

பக்கத்தில் நின்றிருந்த அண்ணி சொன்னாள்: "விழுந்ததை நான் பார்த்தேன்."

"எப்ப?"

"ஏத்துறப்ப. பெல்ட்டுலேர்ந்து சரிஞ்சு தலைகீழா விழுந்துச்சு. ஒருத்தன் தூக்கி உள்ள தள்ளினான். ஜன்னல்ல தெரிஞ்சுது."

"பார்த்துட்டு… இவ்வளவு நேரம் சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

"சொல்லி? விழுந்தது எழுந்துடுமா?"

"இறங்கியிருக்கலாம்! அதுக்கு மேல எத்தனை பெட்டியை அடுக்கினானோ! ஏன் சொல்லல?"

அண்ணி, நோயாளியிடம் பல் பிடுங்கவேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"நிம்மதியா இருந்துச்சு. அது விழுந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. போதுமா? என் வீட்டைத் தின்னுச்சு. அவர் ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் தின்னுச்சு. தொலைஞ்சுதுன்னு இருந்துச்சு."

தங்கை எழுந்தாள். மனதில் வந்ததை வடிகட்டாமல் கொட்டினாள்.

"அண்ணனுக்கு நெஞ்சு வலிச்சப்பவும் இப்படித்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"

கேட்ட மறுகணமே அந்தச் சொல்லைப் பொறுக்கி விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் அழவில்லை, திட்டவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சை அமுக்கி அமுக்கி அவளுடைய மணிக்கட்டு வீங்கியிருந்ததைத் தங்கை ஆஸ்பத்திரியில் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

விமானக் கம்பெனியின் கவுன்டரில், உடையக்கூடிய பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். தங்கை கத்திப் பார்த்தாள், பிறகு பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள். கச்சேரியில் ஓர் இசைப்பள்ளியின் செல்லோவை இரவல் வாங்கி வாசித்தாள். நண்பர்கள் கண் கலங்கினார்கள். அவளுக்கு விரல் மரத்துப்போயிருந்தது. அண்ணி மண்டபத்துக்கு வரவில்லை. ஓட்டலில்கூட இல்லை, முதல் விமானத்திலேயே திரும்பிவிட்டாள். தங்கையும் அங்கே தங்கவில்லை, உடைந்த வாத்தியத்தோடு ஊர் திரும்பினாள்.

உடைந்ததைச் சேர்த்துக் கட்டும் வேலையை, இவர்கள் ஊருக்குப் பக்கத்து நகரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு பெண்மணி ஏற்றுக்கொண்டாள். செலவு அண்ணியுடையது. அதில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மரம் ஒட்டி, காய்ந்து, கம்பி ஏறுவதற்குள் கோடை போய்க் குளிர் வந்துவிட்டது. வாசித்துப் பார்த்துத்தான் உள்குச்சியைச் சரியான இடத்தில் நிறுத்த முடியும் என்று பட்டறைக்காரி தங்கையைக் கூப்பிட்டாள். போனால், அங்கே ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"ஒட்டு பலமா இருக்கு. கழுத்து போகாது" என்றாள் பட்டறைக்காரி. "ஆனா முன்ன மாதிரி பாடும்னு என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க."

தங்கை வில்லை எடுத்தாள். அண்ணன் தினமும் காலையில் வாசித்துவந்த மெதுவான பாடம் ஒன்றை வாசித்தாள். மேல்கம்பிகள் தெளிவாக வந்தன. கீழே போகப் போக, அடித்தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல ஒரு கரகரப்பு. பட்டறைக்காரி குச்சியை மயிரிழை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். கரகரப்பு குறைந்தது, போகவில்லை.

"இது அவர் சத்தம் இல்ல" என்றாள் அண்ணி.

"இல்ல" என்றாள் தங்கை.

அது உடைந்த பிறகு இருவரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. இறங்கிய இடத்தில் தான் கேட்டதைப் பற்றித் தங்கை ஏதாவது சொல்லப் பார்த்தாள். "அண்ணி, அன்னைக்கு நான்…"

"வேண்டாம்." அண்ணி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "நீ கேட்டதை நான் மறக்கப்போறதில்ல. நான் சொன்னதை நீயும் மறக்கமாட்ட. இதை நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு வேண்டாம்."

"வாசிக்கத்தானே கேட்டேன். இப்படி வேணும்னு கேக்கலையே."

"எப்படியோ கிடைச்சுதில்ல? வச்சுக்க. ஆனா இதைத் தூக்கிட்டு என் வீட்டு வாசப்படி ஏறாத."

"ஏற மாட்டேன்."

பட்டறைக்காரி தலையைக் குனிந்துகொண்டு பசைக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி போன பிறகு கதவை மூடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. குளிர்காற்று உள்ளே வந்தது. மரத்துக்கு ஆகாது என்று பட்டறைக்காரிதான் எழுந்து போய்ச் சாத்தினாள்.

தங்கை அதை ரயிலில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதில்தான் இன்றுவரை வாசிக்கிறாள். பழைய வாத்தியமல்லவா, என்ன கனம், என்ன ஆழம் என்று கேட்பவர்கள் புகழ்கிறார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு, கீழ்க்கம்பி அதிகம் வராத பாடல்களாகத் தேர்ந்தெடுக்கிறாள். அண்ணியின் வீட்டுப்பக்கம் அவள் போவதில்லை. பல்வலி வந்தால் வேறு டாக்டரிடம் போகிறாள்.