ரெண்டரைச் சாண்

கடல் கடந்து போய் வென்று வருவது சோழநாட்டு ரத்தத்தில் ஊறியது. ஆயிரம் வருஷம் கழித்து, 2006 மே மாதத்தில், அந்தப் பொறுப்பு மரியஅந்தோணியின் தலையில் விழுந்தது. குவைத் மகன் பணம் கட்ட, நாற்பது பேரோடு ஐரோப்பிய மாதா கோயில்களுக்கு யாத்திரை கிளம்பியவர், இதுவரை நாலு தேசங்களிலும் ஒன்றுக்குப் போக பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருந்தார். சோழர் படை அப்படிக் கெஞ்சியதாகக் கல்வெட்டு இல்லை.

வெல்ல வேண்டியது ஒரு கவுன். வருகிற ஞாயிறு தஞ்சாவூரில் பேத்திக்கு ஞானஸ்நானம். சம்பந்தி லியோ, பேராவூரணித் தேங்காய் மண்டிக்காரர், சென்னையில் ஒரு கவுன் தைக்கக் கொடுத்துவிட்டார். சும்மா இருப்பாரா இவர்? "நம்ம பங்குலேயே மொதல் தடவையா, பெல்ஜியத்துல கையால பின்னுன கவுன்" என்று ஊர்க் கோயிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் உதவித் தலைவர் என்ற முறையில் அறிவித்தார். மினிட்ஸ் நோட்டிலும் ஏறிவிட்டது. வெறுங்கையோடு போனால் லியோவின் கவுன்தான் தண்ணீர்த் தொட்டிவரை போகும்.

பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்து லேஸ் கடைக்குள் அவர் நுழைந்தபோது பஸ் கிளம்பப் பதினைந்து நிமிஷம். ஐந்து விரலைக் காட்டி, "மன்த்" என்றார். கடைக்காரம்மா வெண்ணெய்க் கட்டிபோல ஒரு கவுனை எடுத்து வைத்தாள். அளவு பார்க்கச் சட்டைப் பையில் கையை விட்டார். மனைவி அமலி குழந்தையின் மார்பைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்த நூல் அதில் இருக்க வேண்டும்.

இல்லை.

எங்கே என்பது உடனே தெரிந்துவிட்டது. காலையில் போன மாதா கோயிலின் கம்பியைப் பார்த்ததும், வேளாங்கண்ணிப் பழக்கத்தில் கை தானாக நூலை எடுத்து அதில் கட்டிவிட்டது. வேண்டுதல், கவுன் நல்லபடியாக அமைய வேண்டும் என்பது.

கூட வந்த ஜூலியட் டீச்சரிடம் போனைக் கேட்டார்.

"ரோமிங் சார், சுருக்கா முடிங்க. நேத்து ஃபாதரையே விட்டுட்டுப் போகப் பாத்தான் அந்த டிரைவர்."

தஞ்சாவூரில் அமலி எடுத்தாள்.

"பாப்பாவோட மாரளவு சொல்லு."

"நூலு குடுத்தேன்ல?"

"இருக்கு, இருக்கு. சரிபாக்கத்தான்."

"இப்பத்தாங்க கண்ணசந்துச்சு. தூங்குற புள்ளைய அளக்கக் கூடாதுங்க."

"எழுப்பு!"

போனுக்குள் குழந்தை வீறிட்டது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"டேப்பு இல்லீங்க. சாண்ல சொல்லட்டா?"

"சொல்லித் தொலையேன்!"

"ரெண்டரைச் சாண்."

லைன் அறுந்தது.

அமலி வளையல் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அளவில் வளையல் வாங்குகிறவள். மரியஅந்தோணியோ ஸ்டூல் போடாமல் ஒட்டடை அடிக்கிற ஆள். அந்தக் கையை அகல விரித்துக் கவுனைச் சுற்றி அளந்தார். இரண்டு சாணுக்கு மேல் வரவில்லை.

"இன்னும் பெருசு," என்றார். அடுத்தது வந்தது. பற்றவில்லை. அதற்கும் அடுத்ததை எடுக்குமுன் கடைக்காரம்மா தயங்கி, இரண்டு கையாலும் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினாள்.

"பேபிதான். பிக் பேபி. காவிரித் தண்ணி."

"சார், இது பள்ளிக்கூடம் போற புள்ளைக்கு," என்றார் டீச்சர்.

"எங்க வீட்டு வளத்தி உங்களுக்குத் தெரியாது டீச்சர்."

"அஞ்சு மாசத்துலயா?"

ஹாரன் மறுபடி அலறியது. டீச்சர் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். மேல்தட்டிலிருந்து ஒரு கவுன் இறங்கியது. சாண், இன்னொரு சாண், அரை. அச்சு அசல்.

"கட்டு, கட்டு!"

மூடுகிற பஸ் கதவில் ஒரு காலைச் செருகி ஏறினார். பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை லியோவின் கவுனோடுதான் தொட்டிக்குப் போனது. பெல்ஜியத்துக் கவுனைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவள் லியோவின் மூத்த மகள் வயிற்றுப் பேத்தி. அவளுக்கு ஆறு வயது. அளவு சரியாக இருந்தது.