அக்கா அழித்த வரி

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தி ஏழு மாதம். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது யார் எத்தனை நாள் பக்கத்தில் இருந்தார்கள் என்று தொடங்கிய வாய்த்தகராறு, "இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்" வரை போய்விட்டது. வீம்பில் இருவரும் ஒரே அச்சு.

ஆனால் ஆளுக்கொரு பெட்டி இருந்தது. சலவை இயந்திரங்களுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதும் அக்கா, நல்ல காலத்தில் கையால் செய்தது. இங்கே பொத்தானை அமுக்கினால் வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் விளக்கு எரியும். அங்கே அமுக்கினால் இங்கே. 'உன்னை நினைத்தேன்' என்று அர்த்தம்.

சண்டைக்குப் பிறகு அது எரியவே இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காதே! போன மாதம் பெட்டிகளின் பழைய புரோகிராமைச் சுத்தம் செய்து, இணையம் வழியாக இரண்டு பெட்டிக்கும் அனுப்பினாள். மறுநாள் மாலை ஆறரைக்கு அவள் வீட்டு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதன்பின் தினமும் அதே நேரம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதிலுக்கு அமுக்கினாளா என்றால், அதுதான் இல்லை. தங்கையே வாயைத் திறந்து பேசட்டும் என்று இருந்தாள். ஆனால் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள்.

வியாழக்கிழமை, வேலையிடத்தில் ஒரு சலவை இயந்திரம் யாரும் தொடாமலே ஓடத் தொடங்கியது. புரோகிராமில், பொத்தான் இணையும் கம்பிமுனையை உள்ளீடாக வைத்தவர்கள், அதற்கு 'ஒன்று' எழுதி நிலையாகப் பிடித்துவைக்கும் அடுத்த வரியை விட்டிருந்தார்கள். அப்படி விட்ட கம்பிமுனை அந்தரத்தில் தொங்கும்; பக்கத்தில் மின்விசிறி ஓடினாலே யாரோ அமுக்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

அவளுக்குப் பொறி தட்டியது. உள்ளீட்டுக்குப் போய் எதற்கு 'ஒன்று' என்று, விளக்குப் பெட்டிகளின் புரோகிராமில் அதே வரியைத்தான் போன மாதம் அழித்திருந்தாள். ஆறரை மணி, தங்கை வீடு திரும்பி மின்விசிறியைப் போடும் நேரம். தங்கை அவளை நினைக்கவே இல்லை.

பொய் வெளிச்சம் எதற்கென்று, அன்றே அந்த வரியைத் திரும்ப எழுதி இரண்டு பெட்டிக்கும் அனுப்பினாள். வெள்ளி, சனி, ஞாயிறு, விளக்கு எரியவில்லை. அவளுக்கு வேலை ஓடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

திங்கள் மாலை போன் அடித்தது. தங்கை.

"ஏன்க்கா நிறுத்திட்ட?" குரல் உடைந்திருந்தது. "ஒரு மாசமா தினமும் நான் வீட்டுக்கு வரும்போதே விட்டுவிட்டு எரிஞ்சுட்டிருக்கும். அதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். மறுபடியும் என்மேல கோவமா?"

அக்காவின் தலைக்கு மேலும் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. விளக்கம் சொல்ல வாயெடுத்தவள், அதை விட்டுவிட்டாள். கையை நீட்டி, ஏழு மாதத்தில் முதல் முறையாகப் பொத்தானை அமுக்கினாள்.

"எரியுதாடி?"

"எரியுது. கைய எடுத்துடாதக்கா."