தயாரித்தவர், சரிபார்த்தவர்

அம்மா பேப்பரைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். உத்திரமேரூர் பஜாரில் முபாரக்கின் செருப்புக் கடைக்குப் போயிருந்தவள், அவன் வாசித்துக் காட்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

"நாட்ல விஞ்ஞானிங்களுக்குப் பஞ்சமாம். உங்க மேனேஜரு படத்தோட சொல்லிகீறாரு. நீ இன்னாடி இங்க குந்திக்கினு கடல உரிச்சிக்கினு கீற?"

படத்தில் முத்துகிருஷ்ணன் சார் கன்னத்தில் கை வைத்திருந்தார். எட்டு மாதத்துக்கு முன்பு, 2003 தொடக்கத்தில், இதே முகத்தோடுதான் செலவு அதிகம் என்று சொல்லி மருந்துக் கம்பெனியின் தரச் சோதனை லேப்பிலிருந்து முப்பத்தொரு பேரை வீட்டுக்கு அனுப்பினார். நான் அதில் ஒருத்தி. செருப்பு விற்கும் முபாரக்கும் அதில் ஒருத்தன். இப்போது வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறதாம். இரண்டு தடவை தேர்வு வைத்தும் நூற்று நாற்பது பேரில் ஒருவர்கூடத் தேறவில்லையாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் விண்ணப்பம் போட்டேன். ரோஷம் பார்க்க வசதியில்லை. நாற்று நட்டு என்னை எம்.எஸ்ஸி. படிக்கவைத்த அம்மா, கம்பெனி எனக்கு நீண்ட லீவு கொடுத்திருப்பதாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அதை யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டு ஆண்டாளம்மாள் மட்டும் பிரசவ லீவா என்று கேட்டாள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எப்படியாவது அம்மாவின் பொய்யை நிஜமாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் தயாரித்தது. என்னை அனுப்புகிற வாரத்தில், "போறதுக்கு முன்னாடி புது ஆளுங்களுக்கு ஒரு பரீட்சை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று கூச்சமே இல்லாமல் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானதை டிக் செய்ய வேண்டும். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, நகம் கடித்துக்கொண்டிருந்தவர்களைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் முத்துகிருஷ்ணன் சார் கூப்பிட்டார்.

"ஐம்பதுக்குப் பதினாலு, நிஷா." குரலில் நிஜமாகவே வருத்தம். "எட்டு மாசம் வீட்ல இருந்தா மறக்கத்தான் செய்யும்."

விடைக்குறிப்பைக் காட்டச் சொன்னேன். சண்டைக்கு வந்தவள் மாதிரிதான் கேட்டேன். கொடுத்தார். என் கையெழுத்து. ஆறாவது விடையைத் தவறுதலாக அடுத்தடுத்த இரண்டு வரியில் இரண்டு தடவை எழுதியிருந்தேன். ஏழிலிருந்து எல்லா விடையும் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. அத்தனையும் சரியாகப் போட்டவர்களுக்கும், முதல் ஆறும் தற்செயலாகப் பொருந்திய எட்டும் சேர்த்து, பதினாலுதான் வரும்.

அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் நான். 'சரிபார்த்தவர்' என்ற இடம் காலி. எங்கள் லேப்பில் எதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து ஒப்பமிடாவிட்டால் ஒரு மாத்திரைகூட வெளியே போகாது. நான் செய்வதையெல்லாம் சரிபார்ப்பவன் முபாரக். இதை நான் எழுதிய அன்று காலைதான் அவனைக் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவன் நாற்காலியைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டே நான் எழுதியது அது.

ஆக, தேசத்தின் விஞ்ஞானிப் பஞ்சம் நான் பண்ணிவைத்தது.

சொன்னால், ஐம்பது விடையை வரிசையாக எழுதத் தெரியாதவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? தாங்கள் மக்கு என்று நம்பிக்கொண்டு பஸ் ஏறிப் போன நூற்று நாற்பது பேரை நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

"அப்போ அவங்கள்லாம்..."

"முக்கால்வாசிப் பேர் பாஸாகியிருப்பாங்க சார்."

"பேப்பர்ல சொல்லிட்டேனேம்மா" என்றார். பிறகு கதவைச் சாத்தினார். "சத்தம் போடாம திருத்திக் கையெழுத்துப் போட்டுடுங்க."

திருத்தினேன், போட்டேன். "சரிபார்த்தவர் கையெழுத்து வேணும் சார்."

அவர் பேனாவைத் திறந்தார். அவர் படித்தது பி.காம்.

"லேப் ஆள்தான் சார் போடணும்."

"லேப்ல இப்ப யாரும்மா இருக்கா?" என்று என்னையே கேட்டார். முபாரக்கின் பெயரைச் சொன்னேன்.

மத்தியானம் கம்பெனி கார் உத்திரமேரூர் பஜாரில் நின்றது. வாடிக்கைக்காரர்கள் செருப்பு போட்டுப் பார்க்கும் குட்டை ஸ்டூலில் மேனேஜரை உட்காரவைத்தான் முபாரக். கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தான். நடுவில் ஒருவருக்கு எட்டாம் நம்பர் ஹவாய் செருப்பு எடுத்துக் கொடுத்தான். முப்பத்தொன்றாவது கேள்வியில் நின்றுவிட்டான்.

"கையெழுத்து போடமாட்டேன். இந்தக் கேள்வியே தப்பு, ரெண்டு விட சரியா வருது. இன்னா நிஷா, இத்த பாக்காமயா எழுதின?"

என் வேலையில் ஒருத்தன் குற்றம் கண்டுபிடித்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. முத்துகிருஷ்ணன் சார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எழுந்திருக்க முயன்று முடியாமல், "ரெண்டு பேரும் திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

"எழுதிக் குடுங்க சார். எழுதலன்னா நடக்கலன்னு அர்த்தம், லேப் ரூலு." செருப்புக் கடை பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டுதான் முபாரக் அவரை எழுப்பிவிட்டான்.

திங்கட்கிழமைப் பேப்பரில் முத்துகிருஷ்ணன் சார் சிரித்துக்கொண்டிருந்தார். தன் விடாமுயற்சியால் பஞ்சம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பஞ்சம் வந்ததும் உன்னால, தீந்ததும் உன்னால. அப்புறம் இன்னாத்துக்கு அந்தாளு படத்த போட்டுகீறானுங்க?" என்று கேட்டுக்கொண்டே சாப்பாட்டு டப்பாவை என் கையில் திணித்தாள். பிறகு வாசலுக்கு வந்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஆண்டாளம்மா, எம்பொண்ணுக்கு லீவு முடிஞ்சிபோச்சு."